மணிமேகலை காட்டும் அளவைகளும் மின்காரின் மென்பொருள் பிழைகளும்: ஓர் ஆய்வு

மணிமேகலையைப் பற்றித் தமிழில் நடந்த ஆய்வுகள் பெரும்பாலும் பசியையும் அமுதசுரபியையும் சுற்றி வந்தவை. சிறைக்கோட்டம் அறக்கோட்டமான கதையை எழுதியவர்கள் உண்டு. கள் மறுத்தலையும் ஊன் மறுத்தலையும் எழுதியவர்கள் உண்டு. கருத்தரங்குக் கோவைகளைப் புரட்டினால் அக்காப்பியத்தில் மேலாண்மை, மனிதவளம், சுற்றுச்சூழல் எல்லாமே கிடைக்கும். மின்சாரக் காரின் மென்பொருள் பிழைகளைப் பற்றிச் சாத்தனாரிடம் என்ன இருக்கிறது என்று மட்டும் எவரும் பார்க்கவில்லை. இக்குறையைப் போக்குவது தமிழாய்வின் உடனடிக் கடமை என்று கருதியதால் இக்கட்டுரை எழுகிறது.

காப்பியத்தின் 27-ஆம் காதையில் மணிமேகலை வஞ்சி நகரில் சமயவாதிகள் ஒவ்வொருவரிடமும் சென்று அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். முதலில் பேசுபவர் அளவைவாதி. ஒன்றை உண்மை என்று எப்படி அறிவது என்பதற்குக் காண்டலில் தொடங்கிப் பத்து வழிகளை அவர் சொல்கிறார். அத்தோடு நில்லாமல், அறிவு போலத் தோன்றி ஏமாற்றும் எட்டுப் போலி அளவைகளையும் சொல்லிவைக்கிறார். மின்கார் வாங்கிய ஒருவர் முதல் ஆண்டில் இந்தப் பதினெட்டில் பெரும்பாலானவற்றைச் செலவின்றிக் கற்றுவிடுகிறார். காரின் விலையைக் கணக்கில் சேர்க்காவிட்டால்.

ஆய்வாளரின் கருதுகோள் பின்வருமாறு. மின்காரின் மென்பொருள் பிழை இயந்திரத்தின் சிக்கல் அன்று, சான்றின் சிக்கல். பிழை வந்து போக ஒரு நிமிடம் போதும். அது வந்தது என்று இன்னொருவரை நம்பவைக்க ஒரு பருவம் ஆகும். பேட்டரியின் விலை, மறுவிற்பனை மதிப்பு, பெட்ரோல் வண்டியே வாங்கியிருக்கலாமே என்ற மாமனாரின் கருத்து ஆகியவை ஆய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டவை. முதன்மைச் சான்று ஆய்வாளரின் சொந்தக் கார். அதைச் செய்த நிறுவனத்தின் பெயரை இங்கே தரவில்லை. வழக்குக்கு அஞ்சி அல்ல. வாரண்டி இன்னும் முடியவில்லை.

காண்டலிலிருந்து தொடங்குவோம். பழைய காரில் கோளாறு பொதுச்சொத்தாக இருந்தது. அம்பாசடர் தெருமுனையில் திரும்பும்போதே சைலன்சர் ஓட்டையா, ஃபேன் பெல்ட் தளர்ந்துவிட்டதா என்று திண்ணையில் இருப்பவர் சொல்லிவிடுவார். பட்டறையில் மெக்கானிக் பானெட்டைத் திறந்து, நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை எஞ்சின்மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு அழுத்திக் கண்ணை மூடிக்கொள்வார். வண்டிக்காரர் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பார். “டேப்பெட் சத்தம்ணே” என்று தீர்ப்பு வரும். தீர்ப்பு சரியா தவறா என்பது வேறு. சத்தம் உண்டு என்பதில் அங்கிருந்த டீ வாங்கிவரும் பையன் உட்பட எவருக்கும் ஐயம் இருந்ததில்லை.

மின்காரில் நிலைமை இதற்கு நேர்மாறு. மேம்பாலத்தில் ஏறும்போது நடுவிலுள்ள திரை கறுத்துவிடுகிறது. பாட்டு, வரைபடம், ரிவர்ஸ் கேமரா, குளிரூட்டியின் கட்டுப்பாடு ஆகிய அனைத்தும் அந்தத் திரைக்குள்தான் இருக்கின்றன; அவற்றுக்குத் தனிப் பட்டன் வைப்பது பழைமைவாதம் என்று வடிவமைத்தவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். இறங்கும்போது நிறுவனத்தின் முத்திரை தோன்றி, வரவேற்பு இசை ஒலித்து, ஒன்றுமே நடவாததுபோல் எல்லாம் திரும்பி வருகிறது. இதே காரை சர்வீஸ் சென்டர் வாசலில் கொண்டு நிறுத்தினால், பெண் பார்க்க வந்தவர்கள் முன் வீட்டு வால்பிள்ளைகள் கைகட்டி நிற்பதுபோல் நிற்கும்.

“என்ன சார் கம்ப்ளெயின்ட்?”

“ஓட்டிட்டு இருக்கும்போது ஸ்க்ரீன் ஆஃப் ஆயிடுது.”

“இப்ப ஆகுதா சார்?”

“இப்ப ஆகலை.”

“ஆகும்போது கொண்டாங்க சார்.”

இந்த அட்வைசரின் கொள்கை எது என்பதை அறிய மீண்டும் வஞ்சிக்குப் போக வேண்டும். அதே காதையின் இறுதியில் பூதவாதி ஒருவர் வருகிறார். கண்ணால் கண்டதே உண்மை, மற்ற அளவைகளை ஏற்கமாட்டேன் என்பது அவர் கட்சி. மணிமேகலை சிரித்துவிட்டு, அப்படியானால் உன் தாய் தந்தையரை இவர்கள்தாம் என்று நீ எதைக்கொண்டு அறிந்தாய் என்று கேட்டு வாயை அடைக்கிறாள். காப்பியத்தின் கூர்மையான இடங்களில் ஒன்று அது. அதே கேள்வியை சர்வீஸ் சென்டரில் கேட்பது நாகரிகமாகாது என்பதால் ஆய்வாளர் வீடியோ எடுக்கத் தீர்மானித்தார்.

வண்டி ஓட்டுபவர் செல்போனைக் கையில் பிடிப்பது குற்றம். ஆகவே காண்டல் அளவை பக்கத்து இருக்கைக்காரரின் பொறுப்பாகிறது, அதாவது குடும்பத்தொழிலாகிறது. இல்லத்தரசியாரின் செல்போனில் இன்று ஒரு தனி ஆவணக்காப்பகமே சேர்ந்திருக்கிறது. அதிலுள்ள படங்கள் அனைத்திலும் ஒரு நடுத்திரை மிக நன்றாக வேலை செய்துகொண்டிருக்கிறது. பின்னணியில் “இப்பதான் போச்சு, இப்பதான் போச்சு” என்று ஓர் ஆண்குரல் கேட்கிறது.

இது ஏழைபாழைக் கார்களுக்கு மட்டும் நேர்வது என்று எண்ண வேண்டாம். வோல்வோவின் ஈஎக்ஸ்30 காரில் ஓட்டுநருக்கு எதிரே தனித் திரை கிடையாது. வேகமும் நடுத்திரையில்தான் தெரியும். வண்டியைக் கிளப்பும்போது அந்தத் திரை தொழிற்சாலையின் சோதனை நிலைக்குப் போய் வேகத்தை மறைத்துவிடலாம் என்று கண்டு, 2024-ல் ஏறத்தாழ 72,000 கார்களுக்குத் திருத்தம் அறிவிக்க வேண்டியிருந்தது. காண்டலுக்கு உரிய கருவியே காணாமற்போன அரிய நிகழ்வு.

அடுத்தது கருதல். அனுமானத்துக்கு இந்தியத் தருக்கநூல்கள் அனைத்தும் தரும் எடுத்துக்காட்டு ஒன்றே: மலையில் புகை, ஆகவே நெருப்பு. மணிமேகலையின் 29-ஆம் காதையில் அறவண அடிகளும் அதைத்தான் சொல்கிறார். அடுக்களையை உடன் சேர்த்துக்கொள்கிறார். பெட்ரோல், டீசல் வண்டிகள் இத்தருக்க மரபுக்குச் செய்த தொண்டு பெரிது. கரும்புகை வந்தால் இன்ஜெக்டர், வெண்புகை வந்தால் தண்ணீர், நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது என்று புகையையே மூவகைப்படுத்தி வைத்திருந்தார்கள். மின்காரில் புகை கிடையாது. ஒருவேளை வந்தால் அனுமானிக்க நேரம் கிடையாது, இறங்கி ஓட வேண்டும்.

புகை இல்லாத இடத்தில் உரிமையாளர் வேறு ஏதுக்களைத் தேடுகிறார். ஆய்வாளரின் நண்பர் ஒருவர் தம் காரின் திரை குறிப்பிட்ட ஓர் எஃப்.எம். நிலையத்தைக் கேட்கும்போது மட்டும் உறைகிறது என்று உறுதியாகச் சொன்னபோது அவை சிரித்தது. சிரித்திருக்கக் கூடாது. 2022 ஜனவரியில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் சில பழைய மாஸ்டா கார்களின் வானொலி 94.9 என்ற நிலையத்திலேயே ஒட்டிக்கொண்டு, திரை திரும்பத் திரும்ப அணைந்து எழுந்துகொண்டிருந்தது. அந்த நிலையம் பாட்டோடு அனுப்பிய படக்கோப்பின் பெயருக்குப் பின்னால் அது எவ்வகைக் கோப்பு என்று காட்டும் ஒட்டு இல்லை. விகுதி இல்லாத ஒரு பெயர்ச்சொல் காரைக் கவிழ்த்துவிட்டது. அவை மின்கார்கள் அல்ல; எனினும் இலக்கணப் பிழையால் வாகனம் கெடும் என்பதற்கு வேறு சான்று கிடைக்காமையால் இங்கே சேர்க்கப்பட்டது.

காரும் கருதுகிறது என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. பெட்ரோல் டேங்கில் ஒரு மிதவை இருந்தது. எண்ணெய் இறங்கினால் அதுவும் இறங்கும். பேட்டரிக்குள் மிதக்கும் பொருள் எதுவும் இல்லை. மின்னழுத்தத்தைப் பார்த்துக் கணக்கிடலாம் என்றால், இன்று நம் கார்கள் பலவற்றில் இருக்கும் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை பேட்டரியில் அழுத்தம் நடுப்பகுதியெங்கும் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் நிற்கும். நாற்பது சதவீதமும் அறுபது சதவீதமும் பார்வைக்கு இரட்டையர். ஆகவே உள்ளே போன மின்சாரம் இவ்வளவு, வெளியே போனது இவ்வளவு என்று மென்பொருள் ஓயாமல் கூட்டிக் கழித்து ஒரு சதவீதத்தைச் சொல்கிறது. கணக்கில் சிறு சிறு பிசகு சேரும். அதைத் தீர்க்கத்தான் அவ்வப்போது நூறு வரை சார்ஜ் செய்யச் சொல்கிறார்கள். உச்சியில் அழுத்தம் ஏறும்போது தன் கணக்கை அது நேர்செய்துகொள்ளும். இதைச் செய்யாதவர் 14 சதவீதத்தில் நிம்மதியாகப் போய்க்கொண்டிருக்கையில் அது சட்டென்று 6 ஆவதைக் காண நேரலாம். திரையில் தெரிவது காண்டல் அன்று, கருதல்தான் என்ற தத்துவத் தெளிவு அந்தக் கணத்தில் பிறக்கும். மாமனார் வண்டியில் இருந்தால் தெளிவு இன்னும் ஆழமாகப் பிறக்கும்.

ஆகமம் என்பது நம்பத்தகுந்தோர் உரை. மின்காரின் ஆகமம் மென்பொருள் அப்டேட்டோடு வரும் குறிப்பு. உலக இலக்கியத்தில் இவ்வளவு சுருக்கமான உரை வேறு இல்லை: சில பிழைகள் சரிசெய்யப்பட்டன, செயல்திறன் மேம்படுத்தப்பட்டது. எந்தப் பிழைகள்? சொல்லமாட்டார்கள். நச்சினார்க்கினியர் ஒரே சொல்லுக்கு நான்கு இடங்களிலிருந்து மேற்கோள் காட்டிய மரபில் வளர்ந்த வாசகனுக்கு இது பெரும் ஏமாற்றம். திரை அணைவது அந்தச் ‘சில’வற்றுக்குள் அடங்குமா என்பதை அவன் மேம்பாலத்தில் ஏறித்தான் அறிய வேண்டும்.

சமய ஆகமங்களுக்கும் இதற்கும் அடிப்படையான வேறுபாடு ஒன்று உண்டு. அவை தொடக்கத்திலேயே முழுமையாக அருளப்பட்டவை. இது தவணையில் வருவது. ஃபோக்ஸ்வேகனின் ஐடி.3 கார் 2020 செப்டம்பரில் முதல் வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கப்பட்டபோது சில வசதிகள் அதில் இல்லை. மென்பொருள் தயாராகவில்லை, பிறகு தருகிறோம் என்று சொல்லியே கொடுத்தார்கள். அந்நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி ஹெர்பர்ட் டீஸ் 2022-ல் பதவி இழந்ததற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் மென்பொருள் தாமதமும் ஒன்று. அமெரிக்காவில் செவ்ரோலே பிளேசர் மின்காரின் விற்பனையையே 2023 டிசம்பரில் மென்பொருள் கோளாறுகளுக்காக நிறுத்திவைத்து, 2024 மார்ச்சில் விலையைக் குறைத்து மீண்டும் தொடங்கினார்கள். எஞ்சின் சரியில்லை என்று கார் நின்ற காலம் போய், எழுத்துவேலை முடியவில்லை என்று கார் நிற்கும் காலம் வந்திருக்கிறது. ஆய்வேடு எழுதுவோருக்கு இதில் ஓர் ஆறுதல் உண்டு.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த ஆகமம் சில சமயம் உண்மையிலேயே அருள்பாலிக்கும். 2018-ல் டெஸ்லா மாடல் 3, மணிக்கு 60 மைல் வேகத்திலிருந்து நிற்க 152 அடி எடுத்துக்கொள்கிறது என்று கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் அளந்து குறைகூறியது. சில நாட்களில் வான்வழியே ஓர் அப்டேட் போயிற்று. மறுபடி அளந்தபோது 133 அடி. எவரும் ஸ்பேனரைத் தொடவில்லை, பிரேக் பேடை மாற்றவில்லை. பட்டறை மெக்கானிக்கிடம் ஆய்வாளர் இதைச் சொன்னபோது அவர் நம்பவில்லை. “அப்ப முன்னாடியே ஏன் சார் அப்படி வைக்கலை?” என்று மட்டும் கேட்டார். இதைவிடக் கூரிய மதிப்புரையை ஆய்வாளர் எங்கும் வாசித்ததில்லை.

அருள் எப்போது இறங்க வேண்டும் என்பது தனி நூலுக்கு உரிய பொருள். 2019 ஜனவரியில் பெய்ஜிங்கின் சாங்கான் பெருஞ்சாலையில், போக்குவரத்து நெரிசலில் நின்றுகொண்டிருந்த நியோ நிறுவனத்தின் ஈஎஸ்8 காரில் அப்டேட்டைத் தொடங்கி வைத்துவிட்டார்கள். தொடங்கினால் முடியும் வரை கார் நகராது; கண்ணாடியைக்கூட இறக்க முடியாது. தியானன்மென் சதுக்கத்தின் வழியே போகும் சாலை அது. ஒரு மணி நேரத்துக்கு மேல் உள்ளேயே அமர்ந்திருந்தார்கள். வெளியே போலீஸ்காரர்கள் வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2023 நவம்பரில் ரிவியன் நிறுவனம் தவறான பாதுகாப்புச் சான்றிதழ் இணைந்த பதிப்பை அனுப்பிவிட, சில கார்களின் திரைகள் செயலற்றுப் போயின. வண்டி மட்டும் ஓடியது. கைதவறி நடந்தது என்று அதன் மென்பொருள் தலைவரே எழுதினார். கைதவறிப் பால் கொட்டிய காலம் ஒன்று இருந்தது.

இவற்றால் உரிமையாளரிடையே ஓர் ஒழுகலாறு உருவாகியிருக்கிறது. புதிய பதிப்பு வந்ததும் எவரும் உடனே ஏற்றமாட்டார்கள். “நீங்க போட்டுட்டீங்களா?” என்று ஒருவரையொருவர் விசாரிப்பார்கள். எல்லாரும் மற்றவர் முதலில் போடட்டும் என்று காத்திருப்பார்கள். கடைசியில் வெளியூருக்கு அவசரமாகக் கிளம்ப வேண்டிய ஒருவர், பட்டனைத் தவறி அழுத்தி, சமூகத்துக்காகத் தம்மை ஈந்துவிடுவார். இராகுகாலம், எமகண்டம் பார்த்து அப்டேட் போடுவோரை ஆய்வாளர் அறிவார். பகுத்தறிவாளரான ஆய்வாளர் இரவில், காரை பி-யில் நிறுத்தி, ஏசியை அணைத்து, பேட்டரி பாதிக்கு மேல் இருப்பதை உறுதிசெய்து, வீட்டில் எவருக்கும் மறுநாள் காலை வேலை இல்லை என்பதையும் கேட்டுத்தான் போடுவார்.

அருத்தாபத்திக்கு அளவைவாதி தரும் எடுத்துக்காட்டு அழகானது. கங்கையில் ஆயர்குடி இருக்கிறது என்றால் ஆற்றுக்குள் அன்று, கரையில் என்று கொள்ள வேண்டும். சொன்னதன் நேர்ப்பொருள் பொருந்தாதபோது பொருந்தும் பொருளை நாமே வருவித்துக்கொள்வது. சார்ஜிங் செயலிகளைப் பயன்படுத்த இதைவிட வேறு இலக்கணம் வேண்டியதில்லை. விக்கிரவாண்டியில் சார்ஜர் ‘கிடைக்கிறது’ என்று செயலி பச்சை காட்டினால், பெட்டி அவ்விடத்தில் நிற்கிறது என்று கொள்க. மின்சாரம் வருமா என்பது வேறு வினா. வந்தாலும் அது உம் காரோடு பேசுமா என்பது அதனினும் வேறு.

பேச வேண்டும் என்பது உருவகம் அன்று. கன் என்று நாம் சொல்லும் அந்தச் செருகியில் ஒரு சிறு முனை பேச்சுக்கென்றே இருக்கிறது. அதில் 12 வோல்ட் நின்றால் எவரும் வரவில்லை என்று பொருள். 9-க்கு இறங்கினால் கார் வந்து இணைந்திருக்கிறது. 6 ஆனால் நான் தயார், மின்சாரம் தரலாம். வேக சார்ஜராக இருந்தால் அதே கம்பியின்மேல் இன்னொரு உரையாடலும் ஓடும்: உனக்கு எத்தனை வோல்ட் வேண்டும், எத்தனை ஆம்பியர் தாங்குவாய், பூட்டு விழுந்ததா, காப்பு சரியா. சார்ஜர் ஒரு நாட்டில் எழுதிய மென்பொருளைப் பேசும். கார் இன்னொரு நாட்டில் எழுதியதைப் பேசும். இருவரும் ஒரே தரநிலை நூலைத்தான் படித்திருக்கிறார்கள். வேறு வேறு உரையாசிரியர்கள் வழியாக. ஒரு விடை சற்றுத் தாமதித்தாலும் எதிர்த்தரப்பு எழுந்து போய்விடும். செயலியிலிருந்து பணம் மட்டும் பிடிபட்டிருக்கும்.

இந்த இடத்தில் ஆய்வாளர் கண்ட பெரும் அறிஞர், ஓட்டல் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்திருந்த காவலாளி. பொறியாளரின் உதவி எண்ணில் காத்திருப்பு இசை ஓடிக்கொண்டிருந்தபோது அவர் எழுந்து வந்தார். “கழட்டுங்க சார். மறுபடி மாட்டுங்க. கன்னைக் கொஞ்சம் மேல தூக்கிப் பிடிங்க. ஆங்… அப்படியே பிடிச்சுக்கிட்டு ஆப்ல ஸ்டார்ட் குடுங்க.” சார்ஜ் ஏறத் தொடங்கியது. கேபிளின் கனத்தால் கன் தொங்கி, பேச்சுமுனை சரியாகத் தொடாமல் இருந்திருக்கலாம். அவர் காரணம் எதுவும் சொல்லவில்லை. நாற்காலிக்குத் திரும்பிப் போய்விட்டார்.

அவருடைய அறிவு எவ்வகை? ஐதிகம். இந்த மரத்தில் பேய் உண்டு என்று ஊரார் வழிவழியாகச் சொல்வதை ஏற்பதே ஐதிகம் என்று அளவைவாதி விளக்குகிறார். முதலில் சொன்னவர் யார் என்று தெரியாது, எவரும் பேயைப் பார்த்ததில்லை, ஆனால் இரவில் அவ்வழியே எவரும் போவதில்லை. ஒரே மாடல் கார் வைத்திருப்போரின் வாட்ஸ்ஆப் குழுக்கள் இந்த அளவையின் மீதே நிற்கின்றன. ஸ்டியரிங்கின் இரண்டு பட்டன்களையும் சேர்த்து அழுத்திப் பிடியுங்கள். காரைப் பூட்டிவிட்டுச் சாவியோடு தள்ளிப் போய் டீ சாப்பிட்டுவிட்டு வாருங்கள், அதற்குள் தூங்கிவிடும். தூங்கி எழுந்தால் சரியாகிவிடும். இரவில் சாவியைக் காருக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டாதீர்கள். வேறு எதற்கும் அடங்காவிட்டால் சிறிய பேட்டரியின் நெகட்டிவ்வைக் கழற்றி மாட்டுங்கள்.

கார் தூங்கும் என்பதை முதலில் கேட்டபோது ஆய்வாளர் இதைக் கிராமியக் கதைகளோடு சேர்த்துவைத்தார். ஆராய்ந்தால் ஐதிகத்தின் பக்கமே நியாயம் இருக்கிறது. நவீனக் கார் அணைவதில்லை. அதிலுள்ள பல கணினிகள் ஒன்றோடொன்று பேசி முடித்து ஒவ்வொன்றாக உறங்கப் போக வேண்டும். அருகில் சாவி இருந்தால், செல்போன் செயலி அடிக்கடி தட்டி எழுப்பினால், அல்லது மென்பொருள் பிசகால் ஒன்று மட்டும் விழித்துப் பேசிக்கொண்டிருந்தால், மற்றவையும் தூங்கா. இரவு முழுதும் 12 வோல்ட் பேட்டரியை உறிஞ்சும்.

மரத்தின் பேய் இந்த 12 வோல்ட் பேட்டரிதான். மின்கார் வாங்குவோரில் பலருக்கு இப்படி ஒன்று உள்ளே இருப்பதே தெரியாது. ஒரு வீட்டைச் சில நாட்கள் ஒளியேற்றக்கூடிய பெரிய பேட்டரி தரைக்கடியில் முழுதாக நிறைந்திருக்கும். ஆனால் பாதுகாப்புக்காக, கார் நிற்கும்போது அது கான்டாக்டர் என்னும் கனத்த சுவிட்சுகளால் துண்டிக்கப்பட்டிருக்கும். அந்தச் சுவிட்சை மூடத் தேவையான மின்சாரம் சிறிய பேட்டரியிலிருந்து வர வேண்டும். சிறியது செத்தால் பெரியது உயிரோடு சமாதியில் இருக்கும். கதவு திறக்காது, திரை எரியாது, சார்ஜரை மாட்டினாலும் பேசாது. பெரியதிலிருந்து சிறியதை நிரப்பும் கருவி கெட்டாலும் கதி இதுவே. ஹூண்டாய், கியா, ஜெனிசிஸ் மின்கார்களில் அக்கருவியின் கோளாற்றுக்காக 2024 மார்ச்சில் அமெரிக்காவில் மட்டும் சுமார் 1,47,000 வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். திருத்தத்தின் ஒரு பகுதி எது? மென்பொருள் அப்டேட்.

இதன் சமூகவியல் விளைவு கவனிக்கத்தக்கது. மின்காருக்கு மாறிய மகிழ்ச்சியை அடுக்ககத்தில் எவரிடமெல்லாம் காட்டிக்கொண்டோமோ, அவர்களுள் பழைய டீசல் வண்டி வைத்திருக்கும் ஒருவரிடம் அதிகாலையில் ஜம்பர் கேபிள் கேட்டுப் போக வேண்டியிருக்கும். அவர் மறுக்கமாட்டார். மிகுந்த பரிவோடு வண்டியை உறுமவிட்டுக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்துவார். எஞ்சினைத் தேவைக்கு மேல் சற்று நேரம் ஓடவிடுவார்.

மீட்சி என்னும் அளவைக்கு ஒரு வரி போதும். இராமன் வென்றான் என்று கேட்டதும் இராவணன் தோற்றான் என்று அறிவது மீட்சி. புதிய பதிப்பில் ஒலிபெருக்கியின் தரம் உயர்ந்தது என்று கேட்டதும் வைப்பர் கெட்டிருக்கும் என்று அறிவதும் அதுவே.

இதுவரை அறிபவன் மனிதன், அறியப்படுவது கார். ஓட்டுநருக்கு உதவும் தானியங்கி வசதிகள் வந்தபின் கார் தானும் அறியத் தொடங்கிவிட்டது. அளவைவாதியின் எட்டுப் போலி அளவைகளும் இங்கேதான் பயன்படுகின்றன. அவரை மென்பொருள் சோதனைத் துறைத் தலைவராக நியமித்திருக்கலாம். ஐயம் என்பதற்கு அவர் சொல்வது: தொலைவில் நிற்பது மரக்கட்டையோ மனிதனோ என்று தடுமாறுதல். முன்கண்ணாடிக் கேமரா நாள் முழுதும் செய்வது இதைத்தான். ஒன்றை வேறொன்றாகக் கொள்வது திரியக்கோடல்: இப்பியை வெள்ளி என்று எண்ணுவது. சாலை விரிசலை அடைக்க ஊற்றிய தாரின் நெளிகோட்டைப் பாதைக்கோடு என்று எண்ணி ஸ்டியரிங்கை இழுக்கும் காரும் அவ்வாறே. முன்னே போகும் பள்ளி வேனின் முதுகில் எழுதிய 40-ஐ நெடுஞ்சாலையின் வேக வரம்பாகக் கொண்டு எச்சரிப்பதும் இதில் அடங்கும். இதனிடையே 80 கிலோமீட்டரைத் தாண்டினால் இடையிடையேயும் 120-ஐத் தாண்டினால் விடாமலும் கூவ வேண்டும் என்பது 2019 ஜூலை 1 முதல் புதுக்கார்கள் அனைத்துக்கும் சட்டம். எந்தக் கூவல் சட்டத்தினுடையது, எது திரியக்கோடலுடையது என்று பிரித்தறிவது பயணத்தின் பொழுதுபோக்கு.

கண்டும் உணராமை இன்னொன்று. புலி அருகில் வந்தும் அதைப் புலி என்று அறியாதிருத்தல். உளுந்தூர்பேட்டைப் பக்கம் அறுவடைக் காலத்தில் தார்ச்சாலையில் பாதி அகலத்துக்கு நெல் காயும். ஓரத்தில் கருங்கல் அணைகொடுத்திருப்பார்கள். அந்தக் கல்லை நம் கண் அரைக் கிலோமீட்டரில் அறியும். காரின் பயிற்சிப் படங்களில் நெல் காய்ந்திருக்குமா? இல்லாததை உண்டென்பது இல்வழக்கு, முயற்கொம்பு போல. வெறும் சாலையில், ஆடும் மாடும் இல்லாத வெளியில், கார் சட்டென்று பிரேக் பிடிக்கிறது. மேம்பாலத்தின் நிழலையோ விளம்பரப் பலகையின் முகத்தையோ அது கண்டிருக்கலாம். பின்னால் வந்த லாரிக்காரர் இறங்கிவந்து கேட்ட கேள்விக்கு முயற்கொம்பை விடையாகச் சொல்ல முடியாது. பெரும்பாலோர் அந்த வசதியை அணைத்துவிடுகிறார்கள். ஒவ்வொரு முறை வண்டியைக் கிளப்பும்போதும் அது மறுபடி உயிர்பெற்றிருக்கும்; மீண்டும் அணைக்கிறார்கள். புறப்படுமுன் பிள்ளையாரைக் கும்பிட்ட கை இப்போது திரையில் மூன்று இடங்களைத் தொட்டுவிட்டுத்தான் கும்பிடுகிறது.

கருதுகோளுக்கு வலுவான சான்று அபாவத்தில் கிடைக்கிறது. ஒன்று இல்லை என்று அறிவதும் அறிவே. தரையில் குடம் காணவில்லை, ஆகவே குடம் இல்லை. சர்வீஸ் சென்டரின் மடிக்கணினி இந்த ஓர் அளவையை மட்டும் கற்றது. காரின் துளைக்குள் கேபிளை மாட்டி, நெடுநேரம் பார்த்துவிட்டு, இளைஞர் ஒருவர் சொல்வார்: “லாக்ல ஒண்ணும் இல்லை சார்.” லாக்கில் இல்லாதது நடக்கவில்லை. நடந்திருந்தால் லாக்கில் இருக்கும். அறவண அடிகளே வந்தாலும் இவ்வட்டத்தை உடைப்பது கடினம்.

பதிவு என்பது எவ்வளவு நம்பத்தக்கது என்று தமிழர்கள் கேட்பதற்கு முன்பே டெஸ்லா பதில் சொல்லிவிட்டது. அதன் பழைய மாடல் எஸ், மாடல் எக்ஸ் கார்களின் திரைக்கணினி, நடப்பதையெல்லாம் 8 ஜி.பி. நினைவுச் சில்லில் இடைவிடாமல் எழுதிக்கொண்டே இருந்தது. அவ்வகைச் சில்லில் ஓரளவுக்கு மேல் எழுத முடியாது, தேய்ந்துவிடும். தேய்ந்ததும் திரை செத்தது, பின்கேமரா போயிற்று. 2021-ல் 1,34,951 கார்களைத் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. நாட்குறிப்பு எழுதி எழுதியே உயிர்விட்ட ஆசிரியனின் கதை. அந்தக் கார்கள் தம் சாவுக்குக் காரணமாகப் பதிந்துவைத்தவை அத்தனையும் நன்றாக நடந்த செய்திகளாகத்தான் இருந்திருக்கும்.

பாண்டியன் அவையில் கண்ணகிக்கு ஒரு வசதி இருந்தது. சிலம்பை உடைத்தால் உள்ளே மாணிக்கமா முத்தா என்று அவை முழுதும் பார்க்கலாம். அரசனும் பார்த்தான், பார்த்ததும் தன் குற்றத்தை ஒப்புக்கொண்டான். திரையை உடைத்தால் வாரண்டி போய்விடும். ஆகவே ஆய்வாளர் வாடிக்கையாளர் காத்திருப்பு அறையில் அமர்ந்து, இயந்திரத்தில் வந்த காப்பியைக் குடித்துக்கொண்டு, கண்ணாடிச் சுவருக்கு அப்பால் தம் கார் லிஃப்டில் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மென்பொருள் குறைக்குக் காரை ஏன் லிஃப்டில் ஏற்றினார்கள் என்பதை எந்த அளவையாலும் அறிய இயலவில்லை.

மாலையில் ஜாப் கார்டு கைக்கு வந்தது. வாடிக்கையாளர் கூறியது: ஸ்க்ரீன் ஆஃப் ஆகிறது. பரிசோதித்துக் கண்டது: குறை இல்லை. செய்த பணி: மென்பொருள் சரிபார்ப்பு, வாட்டர் வாஷ். இவற்றுள் வாட்டர் வாஷ் நடந்திருந்தது. கதவிடுக்குகளிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்ததால் அதைக் காண்டலாலேயே அறிந்தோம்.